டப்பாவில் ஐலெட் எவ்வளவு? ஷூ கம்பெனி ஸ்டோரில் லோட் செல் ரேக் அமைக்கும் முறை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை என்று பழைய வடஆற்காடு நெடுக ஷூ கம்பெனிகளும், அவற்றுக்கு அப்பர் (ஷூவின் மேற்பகுதி) தைத்துத் தரும் ஜாப் ஒர்க் யூனிட்டுகளும் இருக்கின்றன. அங்கே லைனை நிறுத்துவது பெரும்பாலும் தோல் தட்டுப்பாடு இல்லை, ஐலெட் (கயிறு கோக்கும் துளைக்குப் போடும் உலோக வளையம்), ரிவெட், பக்கிள், ஜிப் ரன்னர் மாதிரியான சில்லறைச் சாமான்தான். தோல் கட்டு குறைந்தால் கண்ணுக்கே தெரியும். டப்பா அடியில் ஐலெட் எத்தனை கிடக்கிறது என்பது தெரியாது. ஸ்டாக் புக்கில் ஒரு கணக்கு, டப்பாவில் ஒரு கணக்கு என்று ஓடி, ஷிப்மென்ட் வாரத்தில்தான் வித்தியாசம் வெளியே வரும். ஒவ்வொரு டப்பாவுக்கு அடியிலும் ஒரு லோட் செல் (பாரத்தை மின் சிக்னலாக்கும் எடை சென்சார்) வைத்துவிட்டால், இருப்பைத் தட்டே சொல்லிவிடும். ஆறு டப்பா கொண்ட ஒரு தட்டுக்கான முறை இது.

வேண்டிய சாமான்: 10 கிலோ பார் வகை லோட் செல் 6, ஹெச்எக்ஸ் 711 போர்டு (செல்லின் சிக்னலை எண்ணாக மாற்றுவது) 6, ஈஎஸ்பி 32 போர்டு (புரோகிராம் ஓடும், வைஃபை உள்ள சிறு கணினி) 1, 5 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், 3 மில்லிமீட்டர் கனத்தில் வாஷர்கள், 6 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டுகள், ஒரே அளவில் ஆறு பிளாஸ்டிக் டப்பா.

செல் வாங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். சாதாரண 10 கிலோ செல்லில் மொத்தப் பிழை 0.05 சதவீதம் என்று எடுத்துக்கொண்டால் அது 5 கிராம். ஒரு ஐலெட் 0.25 கிராம் என்றால் 20 ஐலெட் முன்பின் ஆகும். 30,000 கிடக்கும் டப்பாவில் அது பொருட்டே இல்லை. 20 கிராம் பக்கிள் என்றால் பிழை ஒரு பக்கிளில் கால் பங்குதான், எண்ணிக்கை சரியாகவே வரும். ஆனால் 200 கிராமுக்கு மேல் என்றுமே இருக்காத சாமானை 10 கிலோ செல்லில் வைப்பது வீண். அதற்கு 1 கிலோ செல் போடுங்கள்.

பாதிப் பிழை இரும்பு வேலையில்தான் பிறக்கிறது. அதைப் புரோகிராமில் சரிக்கட்ட முடியாது. பார் செல்லின் ஒரு முனை ரேக்கோடு இறுக வேண்டும், மறு முனையில் டப்பாத் தட்டு உட்கார வேண்டும். இரண்டு முனையிலும் 3 மில்லிமீட்டர் வாஷர் கொடுத்தால்தான் நடுப்பகுதி எதிலும் படாமல் வளையும். பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அம்புக்குறி பாரம் இறங்கும் திசையைக் காட்டும், அது கீழ்நோக்கி இருக்கட்டும். பல செல்களில் ஒரு முனை 4 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் மறு முனை 5 மில்லிமீட்டர் போல்ட்டுக்கும் மரை வெட்டியிருக்கும். இரண்டும் ஒன்றென்று நினைத்து முறுக்கினால் மரை போய்விடும். டப்பாத் தட்டுகளுக்கு நடுவே 5 மில்லிமீட்டராவது இடைவெளி விடுங்கள். பக்கத்து டப்பா உரசினால் எடை பாதியாகக் காட்டும், எதனால் என்று கண்டுபிடிக்க நாள் முழுக்கப் போகும். தட்டின் ஆடும் முனைக்கு அடியில் ஒரு தாங்கு போல்ட்டும் வையுங்கள். மூட்டையை யாராவது பொத்தென்று போட்டால் செல் நிரந்தரமாக வளைந்துவிடாமல் அது தாங்கும். ஸ்லாட்டட் ஆங்கிள் ரேக் ஆடினால் முதலில் சுவரோடு இழுத்துக் கட்டிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

அடுத்து ஒயரிங். செல்லின் ஒயர்கள் ஹெச்எக்ஸ் 711 போர்டில் சேரும் இடங்கள்: வழக்கமாகச் சிவப்பு ஈ பிளஸ், கறுப்பு ஈ மைனஸ், பச்சை ஏ பிளஸ், வெள்ளை ஏ மைனஸ். எடை வைக்கும்போது எண் குறைந்தால் பச்சையும் வெள்ளையும் இடம் மாறியிருக்கிறது, அல்லது செல் தலைகீழாக இருக்கிறது. செல்லிலிருந்து ஹெச்எக்ஸ் 711 வரைக்குமான ஒயரை ஒரு சாணுக்கு மேல் நீட்டாதீர்கள். அதில் ஓடுவது சில மில்லிவோல்ட்தான், நீளம் கூடினால் மோட்டார் இரைச்சல் ஏறிக்கொள்ளும். கட்டிங் பிரஸ், தையல் மோட்டார் ஓடும் லைனில் அடாப்டரைச் செருகாமல் இன்வர்ட்டர் லைனில் செருகுங்கள். ஹெச்எக்ஸ் 711-க்கு 3.3 வோல்ட் கொடுத்தால் போதும். 5 வோல்ட் கொடுத்தால் அதன் டேட்டா காலிலும் 5 வோல்ட் வரும், ஈஎஸ்பி 32 அதற்கு ஏற்றதில்லை.

ஆறு போர்டுக்கும் கிளாக் கால் பொதுவாக இருக்கலாம்: ஈஎஸ்பி 32-இல் ஜிபிஐஓ (எண்ணிட்ட இணைப்புக் கால்) 27. டேட்டா கால்கள் 25, 26, 32, 33, 34, 35. இடம் இருக்கிறதே என்று 12-ஐத் தொடாதீர்கள். டேட்டா தயாராகாத நேரத்தில் ஹெச்எக்ஸ் 711 அந்தக் காலை உயரத்தில் (உயர் மின்னழுத்தத்தில்) வைத்திருக்கும், கரண்ட் வரும் நொடியில் 12 உயரத்தில் இருந்தால் ஈஎஸ்பி 32 பூட் ஆகாமல் போகலாம். 34, 35 இரண்டுக்கும் உள்ளே புல்-அப் (காலை உயரத்தில் பிடித்து வைக்கும் மின்தடை) கிடையாது. வெளியே 10 கிலோ ஓம் போட்டுவிடுங்கள், ஒயர் அறுந்தால் கண்டபடி எண் வராமல் தெளிவாகத் தெரியும். கிளாக் பொது என்பதால் ஆறும் தயாரான பிறகே படிக்க வேண்டும். ஒன்று செத்தால் மற்ற ஐந்தும் காத்துக் கிடக்கும், அதனால் ஒரு நொடி டைம்-அவுட் வைத்து, செத்ததைப் பெயர் சொல்லிக் காட்டச் செய்யுங்கள். இன்னொன்று: கிளாக் 60 மைக்ரோ நொடிக்கு மேல் உயரத்தில் நின்றால் ஹெச்எக்ஸ் 711 தூங்கப் போய்விடும். வைஃபை குறுக்கிடும்போது இது நடக்கும், ஆகவே படிக்கும் நேரத்துக்கு மட்டும் இன்டரப்டை நிறுத்துங்கள்.

இப்போது எல்லோரும் விழும் பள்ளத்துக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் மாதிரிப் புரோகிராம்களில் பெரும்பாலானவை தொடங்கும்போதே தட்டைப் பூஜ்யமாக்கும். சமையலறைத் தராசுக்கு அது சரி. ஸ்டோரில் ஒரு முறை கரண்ட் போய் வந்தால், நிறைந்திருக்கும் ஆறு டப்பாவும் பூஜ்யம் காட்டும். காலித் தட்டின் எண்ணை முதல் நாளிலேயே எடுத்து ஈஎஸ்பி 32-இன் நிரந்தர நினைவகத்தில் எழுதிவிடுங்கள். ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் அதையே படிக்கட்டும். பூஜ்யமாக்கும் வரியை அழித்துவிடுங்கள்.

அளவு திருத்தம்: காலித் தட்டில் 20 முறை படித்து நடு மதிப்பை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு தாவல் அதைக் கெடுத்துவிடும். பிறகு முத்திரையிட்ட 5 கிலோ எடைக்கல்லை நடுவில் வைத்து மறுபடி படித்து, வித்தியாசத்தை 5,000-ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கான எண் கிடைக்கும். ஒரு வோல்ட்டுக்கு ஒரு மில்லிவோல்ட் தரும் 10 கிலோ செல், கெயின் (ஹெச்எக்ஸ் 711 சிக்னலைப் பெருக்கும் மடங்கு) 128 என்றால் அது 215-ஐ ஒட்டி வரும். பாதிதான் வந்தால் கெயின் 64-இல் இருக்கிறது. அதைவிடக் குறைந்தால் தட்டு எங்கோ இடிக்கிறது. கல்லைத் தட்டின் நாலு மூலைக்கும் நகர்த்திப் பாருங்கள், பெரிய வித்தியாசம் தெரிந்தால் போல்ட்டை மறுபடி இறுக்குங்கள்.

ஒரு சாமானின் எடையைத் தனியாக நிறுத்தால் தவறும். 100 எண்ணி நிறுத்து வகுங்கள், வேறு வேறு பிடியில் மூன்று தடவை செய்யுங்கள். இதில் 1 சதவீதம் தவறினால் 300 பக்கிளில் 3 தவறும். புது லாட் வந்தால் பிளேட்டிங் கனம் மாறியிருக்கும், மறுபடி நிறுக்க வேண்டும். காலி டப்பா எடையை மார்க்கரால் டப்பாவின் மேலேயே எழுதிவிடுங்கள்.

வேலூர்ப் பக்கம் கோடை 40 டிகிரியைத் தாண்டும். தகரக் கூரைக் குடோனில் விடியற்காலைக்கும் பிற்பகலுக்கும் நடுவே செல்லின் பூஜ்யம் நகர்ந்துகொண்டே இருக்கும். போதாததற்கு, மாதக்கணக்கில் பாரம் தாங்கும் செல் மெல்லத் தளரும். இதற்கு இரண்டு வழிகளையும் சேர்த்துச் செய்யுங்கள். முதலாவது, ஏழாவதாக ஒரு செல்லில் 3 கிலோ இரும்புத் துண்டை வைத்து, யாரும் தொடாத மூலையில் விட்டுவிடுவது. அதற்கும் தனியாக ஒரு ஹெச்எக்ஸ் 711 போட்டு, டேட்டாவை ஜிபிஐஓ 14-இல் கொடுக்கலாம். அது 3,004 காட்டினால் ஆறிலும் ஏறத்தாழ அவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பொருள். செல்லுக்குச் செல் கொஞ்சம் மாறும் என்றாலும் பெரும்பகுதி சரியாகிவிடும். இரண்டாவது, எடையை அப்படியே நம்பாமல் மாற்றத்தைக் கணக்கெடுப்பது. 10 நொடிக்கு 3 கிராமுக்குள் நிலைத்திருந்தால் மட்டும் அதை முந்தைய நிலையோடு ஒப்பிடுங்கள். சட்டென்று குறைந்தால் எடுத்தார்கள், கூடினால் போட்டார்கள். மணிக்கணக்கில் ஊர்ந்தால் அது வெயில், கணக்கில் சேராது. காலி டப்பா எடைக்கும் கீழே போனால் ‘டப்பா இடத்தில் இல்லை’ என்று காட்டட்டும். பூஜ்யம் இருப்பு என்று எழுதினால் பர்ச்சேஸில் தேவையில்லாத ஆர்டர் போய்விடும்.

தகவலை 10 நிமிடத்துக்கு ஒரு முறையும், மாற்றம் நடந்தவுடனும் கூகுள் ஷீட்டுக்கு அனுப்பினால் சிறு யூனிட்டுக்குப் போதும். ஈஎஸ்பி 32 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும், ஆன்டெனா முனை இரும்பு ரேக்குக்கு வெளியே நீட்டியிருக்கட்டும். ஆர்டர் போடும் எல்லைக்குத் தினச் செலவைச் சரக்கு வந்து சேரும் நாட்களால் பெருக்கி, அதன்மேல் மூன்று நாள் செலவைக் கூட்டுங்கள். தினம் 4,000 ஐலெட், வர 6 நாள் என்றால் 24,000-உடன் 12,000 சேர்த்து 36,000. இந்த எடையை வைத்து யாருக்கும் விற்கவோ பில் போடவோ கூடாது, அதற்குச் சட்டமுறை எடையளவுத் துறை முத்திரையிட்ட தராசு வேண்டும்.

எல்லாவற்றையும் எடையில் அடக்கப் பார்க்காதீர்கள். ஷூவின் அடிப்பாகமான சோல்களை எடை போட்டால் இடது எத்தனை, வலது எத்தனை என்று தெரியாது, ஜோடியாகக் கட்டி வைத்தால் மட்டுமே பயன். சைஸ் மாறினால் எடையும் மாறும், ஒரு டப்பாவுக்கு ஒரு சைஸ்தான். தோல் விலை போவது சதுர அடியில், மழைக்காலத்தில் ஈரம் ஏறி எடை கூடும். கட்டுக்கு ஒரு கியூஆர் அட்டை கட்டி, எடுக்கும்போது சதுர அடியைப் பதிவதே சரி. ஆர்எஃப்ஐடி ரீடர் (டேக்கை ரேடியோ அலையால் படிக்கும் கருவி) வாங்குவதானால் இந்தியாவில் லைசென்ஸ் தேவைப்படாத 865–868 மெகாஹெர்ட்ஸ் வகை கேட்டு வாங்குங்கள். 902–928-க்கு அமைத்த அமெரிக்க வகை இங்கே மொபைல் அலைவரிசையோடு மோதும். வெட் புளூ (குரோம் பதனிட்ட ஈரத் தோல்) கட்டில் நீர் அதிகம், நடுவில் செருகிய டேக் படிக்காது. டேனரிக் கொட்டகையை ஒட்டி ரேக் இருந்தால் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கமிருந்து வரும் சல்பைடு வாடை செம்புக் காண்டாக்ட்டைக் கறுக்க வைக்கும். கனெக்டரை நம்பாமல் சால்டர் செய்து போர்டுக்கு வார்னிஷ் பூசுங்கள்.

சொல்யூஷன் (ஒட்டும் பசை), தின்னர் வைக்கும் அறைக்குள் இந்த அடாப்டரோ போர்டோ போகவே கூடாது, ஆவி தீப்பிடிக்கும். அந்த டின்களுக்குக் கதவுக்கு வெளியே ஒரு கியூஆர் அட்டை ஒட்டி, எடுத்து வரும்போது போனில் பதியச் சொல்லுங்கள்.