எல்லா குழப்பத்துக்கும் இங்கிலீஷ்ல 'கன்ஃப்யூஸ்டு' மட்டும் போதாதுங்க

ரெண்டு விஷயம் ஒன்னோட ஒன்னு கலந்து எது எதுன்னு பிரிக்க முடியலன்னா அது கன்ஃப்யூஸ்டு, லத்தீன்லயே அதோட வேர்ச்சொல்லுக்கு ஒன்னா ஊத்தி கலக்குறதுன்னுதான் அர்த்தம். பஸில்டு வேற, ஒன்னு புரியல ஆனா யோசிச்சா விடை கிடைச்சிடும்னு மண்டைய குடைஞ்சிட்டு இருக்கோம்ல, அது. பெர்ப்ளெக்ஸ்டுல கொஞ்சம் கவலையும் சேந்துக்கும், சிக்கெடுக்க முடியாத நூல் மாதிரி. எனக்கு ரொம்ப புடிச்சது பிவில்டர்டுதான், வழி தவறி அலைய விடுறதுங்கற பழைய அர்த்தத்துலேருந்து வந்த வார்த்தை, எந்தப் பக்கம் போறதுன்னே தெரியாம திகைச்சு நிக்கிறப்ப இத போடுங்க. அப்புறம் முக்கியமா, நம்ம குழம்பினா 'ஐ ஆம் கன்ஃப்யூஸ்டு', 'ஐ ஆம் கன்ஃப்யூஸிங்'னு சொன்னா நம்ம அடுத்தவங்கள குழப்புறோம்னு ஆயிடும்.