பூனைப் படம் போட்ட கிஃப்ட் வாங்கேக்க விடுற பிழைகள்

பூனை வளக்கிற ஆளுக்குப் பூனைப் படம் போட்ட எதைக் குடுத்தாலும் சந்தோசப்படுவினம் எண்டு நினைக்கிறதுதான் பெரிய பிழை. வெள்ளவத்தையில இருக்கிற என்ர சிநேகிதிக்கு, செம்மஞ்சள் பூனை ஒண்டு சுருண்டு படுத்திருக்கிற பிரிண்ட் ஒண்டை பிரேம் போட்டுக் கொண்டு போய்க் குடுத்தன், அவளின்ர பூனையும் அதே நிறம் எண்டுதான் வாங்கினது, ஆனா அது செத்து ரெண்டு கிழமை எண்டு எனக்குத் தெரியாது, பாத்த உடன அழுதிட்டாள். இப்ப நான் முதல்ல பூனை எப்பிடி இருக்கு எண்டு விசாரிச்சுப்போட்டுத்தான் கடைக்கே போறது.

குடிபூரலுக்குக் கறுப்புப் பூனை படமும் வேண்டாம், வீட்டில சகுனம் பாக்கிற பெரியாக்கள் இருந்தா அது அலுமாரிக்குள்ளதான் கிடக்கும்.

கறுப்புப் பூனை எண்ட உடன எல்லாருக்கும் ஞாபகம் வாறது ஸ்டைன்லென் எண்ட ஓவியர் 1896இல வரைஞ்ச அந்த பாரிஸ் போஸ்டர்தான், 'கறுப்புப் பூனை' எண்ட கபரே (பாட்டும் கூத்தும் நடக்கிற இரவு விடுதி) குழு ஊர் ஊராப் போனதுக்குச் செய்த விளம்பரம் அது. அதைக் கிட்ட வச்சுப் பாருங்கோ: மஞ்சள் கண், மெலிஞ்ச உடம்பு, தலைக்குப் பின்னால சாமிப் படத்தில வாற மாதிரி ஒரு ஒளிவட்டம், அந்த வட்டத்துக்குள்ளயும் எழுத்து இருக்கு. தெருப் பூனையைப் புனிதர் மாதிரி இருத்தி வச்சதுதான் அந்தப் படத்தின்ர உயிரே. மலிவான டோட் பேக்கில, மக்கில எல்லாம் வட்டத்தைப் பாதியில வெட்டி, எழுத்தை மங்கப்பண்ணி விட்டிருப்பாங்கள், அப்பிடியானதுக்குக் காசு குடுக்காதேங்கோ.

பிறகு 'கிளிம்ட் பூனை'. கிளிம்ட் எண்ட ஒஸ்ட்ரிய ஓவியர் தன்ர ஸ்டூடியோவில பூனையள் வளத்தவர்தான், ஆனா தங்கச் சதுரமும் சுருளுமாப் போட்ட அந்தப் பூனையளை அவர் வரையேல்ல, அவரின்ர 'முத்தம்' ஓவியப் பாணியைப் பாத்துப் பின்னால வந்த ஆக்கள் செய்தது. வடிவாத்தான் இருக்கும், தாராளமா வாங்குங்கோ, ஆனா கிளிம்டின்ர ஓவியம் எண்டு சொல்லிக் குடுக்காதேங்கோ. தங்க வேலை செய்த மக் எண்டா மைக்ரோவேவ்ல வைக்கக் கூடாது எண்டும் சொல்லிவிடுங்கோ, தீப்பொறி பறக்கும்.

எனக்குச் சரியான கவலை, பூனைப் படங்களுக்குப் பேர்போன இங்கிலாந்து ஓவியர் லூயி வெய்னின்ர பூனையளைப் பற்றித்தான். கடைசிப் பதினஞ்சு வருசம், 1924இல இருந்து 1939 வரைக்கும், மனநல ஆஸ்பத்திரியளில இருந்த மனுசன். அவரின்ர படங்களை வரிசையா அடுக்கி 'புத்தி பேதலிச்ச கதை' எண்டு கார்ட், காந்தம் எல்லாம் விக்கிறாங்கள். அந்தப் படங்களில கனக்கத்துக்குத் திகதியே இல்லை, வரிசை பிறகு வேற ஆக்கள் அடுக்கினது. ஒரு மனுசன்ர வருத்தத்தை கிஃப்ட் ஆக்காமல் தனிப் படமா வாங்கிக் குடுங்கோ, நிறமே போதும்.

தோடு, பென்டன் எண்டா கொழும்பு வேர்வைக்கும் உப்புக் காத்துக்கும் பூச்சு கெதியா உரிஞ்சு காது கடிக்கும், வெள்ளி எண்டு சொன்னா 925 எண்ட வெள்ளி முத்திரை அடிச்சிருக்கோ எண்டு பின்பக்கம் திருப்பிப் பாருங்கோ. இன்னும் நல்லது, கொழும்பு கிரீன் பாத்தில கலா பொல எண்ட ஓவியச் சந்தை நடக்கேக்க போய், அந்த வீட்டுப் பூனையின்ர போட்டோவைக் காட்டி வரைஞ்சு தருவீங்களோ எண்டு ஓவியரிட்டயே கேட்டுப் பாக்கிறது.

பார்சல் சுத்தேக்க ரிபன், நூல், மினுக்கு இழை ஒண்டும் வேண்டாம். பூனையின்ர நாக்கில உள்பக்கமா வளைஞ்ச முள்ளு இருக்கு, நூல் வாயில போனா அதால துப்ப ஏலாது, விழுங்கினா குடலைச் சுருக்கி இழுத்து ஒப்பரேசன் வரைக்கும் கொண்டு போகும். வெறும் பேப்பரில சுத்துங்கோ, கிழிச்ச பேப்பரோட பூனையும் விளையாடும்.