சியாட்டில் கரையோரம்: சாலையை மூடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2019 ஜனவரி 11, வெள்ளிக்கிழமை இரவு. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள சியாட்டில் நகரின் கடலோரமாக ஓடிய அலாஸ்கன் வே உயர்மட்டச் சாலை நிரந்தரமாக மூடப்பட்டது. நாளுக்கு ஏறக்குறைய 90,000 வாகனங்கள் போய்வந்த சாலை அது. அதற்குப் பதிலாகத் தோண்டிய சுரங்கப்பாதை திறக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது. பழைய சாலையை இரு முனையிலும் துண்டித்தால்தான் சுரங்கத்தின் வாசல்களை நெடுஞ்சாலையோடு சேர்க்க முடியும். அதனால் பழசும் இல்லாமல், புதுசும் இல்லாமல் அந்த மூன்று வாரத்தை ஊர் கடந்தே ஆக வேண்டியிருந்தது. நகரம் அப்படியே நின்றுபோகும் என்று பலரும் பயந்தார்கள். நெரிசல் இருந்தது, பயண நேரம் கூடியது. ஆனால் நகரம் நிற்கவில்லை.

கரையோரத்தில் வேலை என்றாலே சிக்கல் கூடுதல். ஒரு பக்கம் முழுக்கத் தண்ணீர். அந்தப் பக்கம் வண்டிகளைத் திருப்பிவிட வழியில்லை. படகுத்துறை, துறைமுகம், உணவகங்கள், சுற்றுலா வருகிறவர்கள் எல்லாம் ஒரே குறுகிய பட்டையில் நெருங்கிக் கிடப்பார்கள். சியாட்டிலில் சரியாக நடந்ததும் உண்டு, சறுக்கியதும் உண்டு. எந்த ஊரில் இப்படி ஒரு வேலை தொடங்கினாலும் இரண்டையும் பார்த்துவிட்டுத் தொடங்குவது நல்லது.

கடைசி நேரத்தில் சொல்வது

சாலை மூடல்களில் அடிக்கடி நடக்கும் தவறு இதுதான். நாளை முதல் இந்தச் சாலை கிடையாது என்று இன்று அறிவிப்பார்கள். வண்டி ஓட்டுகிறவர் அடுத்த தெருவுக்குத் திரும்புவதைத் தவிர வேறு என்ன செய்ய முடியும்? வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள மேலாளரிடம் பேச வேண்டும். பிள்ளையைப் பள்ளியில் விட வேறு ஏற்பாடு வேண்டும். கடைக்காரர் சரக்கு வரும் நேரத்தை மாற்ற வேண்டும். இதற்கெல்லாம் வாரக்கணக்கில் அவகாசம் தேவை.

வாஷிங்டன் மாநிலப் போக்குவரத்துத் துறை ஜனவரி மூடலுக்கான தேதியை முந்தைய செப்டம்பரிலேயே அறிவித்துவிட்டது. கிட்டத்தட்ட நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் அதிகாரிகள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்: கஷ்டமாகத்தான் இருக்கும், இப்போதே திட்டமிடுங்கள். சமாளித்துவிடலாம் என்று ஆறுதல் சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். மக்கள் உண்மையைத் தாங்கிக்கொள்வார்கள். கடைசி நேரத்தில் சொன்னால்தான் கோபப்படுவார்கள்.

மாற்றுப்பாதை வரைபடமே திட்டம் என்று நினைப்பது

இந்தத் தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. வரைபடத்தில் அம்புக்குறி போட்டு, இந்தச் சாலைக்குப் பதில் அந்தச் சாலை என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது என்ற நம்பிக்கை பல ஊர்களில் இருக்கிறது. ஆனால் அந்த மாற்றுச் சாலை காலியாகவா காத்திருக்கிறது? சியாட்டிலில் பக்கத்தில் இருந்த ஐ-5 நெடுஞ்சாலை ஏற்கெனவே நிரம்பி வழிந்தது. 90,000 வண்டிகளை அதில் கொட்ட முடியாது. ஒரு பகுதி வண்டிகள் கிளம்பாமலே இருக்க வேண்டும், இன்னொரு பகுதி வேறு நேரத்தில் கிளம்ப வேண்டும்.

அதற்கான வேலைதான் அங்கே நடந்தது. விரிகுடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மேற்கு சியாட்டிலிலிருந்து நகர மையத்துக்கு ஓடும் நீர் டாக்சிக்குக் கூடுதலாக ஒரு படகு விட்டார்கள். படகு மட்டும் போதுமா? துறைவரை போக வேண்டுமே. அதனால் வாகனம் நிறுத்த இடமும், துறைக்குக் கொண்டுபோய்விட வேன்களும் ஏற்பாடு செய்தார்கள். எங்கே கூட்டம் சேர்கிறதோ அங்கே அனுப்புவதற்குப் பேருந்துகள் தயாராக நின்றன. பெரிய அலுவலகங்களிடம் முன்கூட்டியே பேசி, வீட்டிலிருந்து வேலை செய்யவும் நேரம் மாற்றி வரவும் ஊழியர்களை அனுமதிக்கச் சொன்னார்கள். சைக்கிளில் வந்தவர்களும் கூடினார்கள். பலர் அதிகாலையிலேயே கிளம்பினார்கள். உச்ச நேரம் ஒரு மணி நேரத்துக்குள் அடைந்துகொள்ளாமல் விரிந்தது. மூன்று வாரமும் ஓடியதற்கு இத்தனை சின்ன ஏற்பாடுகளும் சேர்ந்துதான் காரணம். இவற்றில் எதையாவது செலவு மிச்சம் என்று வெட்டியிருந்தால் அந்தக் கூட்டமும் சாலைக்கே வந்திருக்கும்.

ஒத்திகையும் உதவியது. இதே உயர்மட்டச் சாலையின் தெற்குப் பகுதியை இடிக்க 2011 அக்டோபரில் ஒரு முறை மூடினார்கள். சுரங்கம் தோண்டும் இயந்திரம் அடியில் போகும்போது பாதுகாப்புக்காக 2016 ஏப்ரல் கடைசியில் இன்னொரு முறை. இரண்டு வாரம் ஆகும் என்று சொல்லிவிட்டு, அதற்கு முன்பே திறந்தார்கள். எந்தச் சந்திப்பு அடைக்கிறது, எந்தப் பேருந்து தாமதமாகிறது என்று அப்போதே பார்க்க முடிந்தது.

நல்லபடியாக நடந்தால் முடியும் தேதியை உறுதியான தேதியாகக் கொள்வது

பெர்த்தா என்று பெயரிட்ட அந்த இயந்திரம் 2013 ஜூலையில் தோண்டத் தொடங்கி, அதே டிசம்பரில் நின்றுபோனது. பழுதான முன்பகுதியை வெளியே எடுத்துச் சரிசெய்ய ஒரு பெரிய குழியே வெட்ட வேண்டியிருந்தது. மறுபடி தோண்ட ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. 2015 கடைசியில் திறப்பதாக இருந்த சுரங்கம் 2019 பிப்ரவரியில்தான் திறந்தது.

நிலத்தடி வேலையில், அதுவும் பழைய கரையை மண் கொட்டி நிரப்பிய இடத்தில், தாமதம் வருவது இயல்பு. அதைக் கணக்கில் எடுக்காமல் இருப்பதுதான் தவறு. தற்காலிகப் பேருந்து வழித்தடம், வாகனம் நிறுத்துமிடக் குத்தகை, கடைகளுக்கான உதவித்தொகை ஆகியவை அந்த நல்ல தேதியோடு முடியும்படி ஒப்பந்தம் போட்டால், வேலை நீளும்போது தவிக்கப்போவது கரையோரத்தில் இருப்பவர்கள்தான்.

கடைக்காரரையும் நடப்பவரையும் கடைசியில் நினைப்பது

கடல் தடுப்புச் சுவரைப் புதிதாகக் கட்டியபோது சியாட்டில் எடுத்த முடிவு என்னைக் கவர்ந்தது. 1916 முதல் 1936 வரை கட்டிய பழைய சுவர் மர அடித்தளத்தில் நின்றது. அந்த மரத்தைச் சிறு கடலுயிரிகள் அரித்துவிட்டிருந்தன. 2001 நிலநடுக்கத்துக்குப் பிறகு அதை அப்படியே விட்டுவைக்க முடியாது என்று தெளிவாகிவிட்டது. கடைகளுக்கு நேர் முன்னால் தோண்ட வேண்டும். சால்மன் மீன்கள் இடம்பெயரும் மாதங்களில் தண்ணீருக்குள் வேலை செய்யவும் கூடாது.

தடுப்புகளுக்கு நடுவே கடைகளை அரைகுறையாகத் திறந்து வைக்கச் சொல்லி இழுக்காமல், மையப் பகுதிக் கடைகளை 2014 இலையுதிர்காலம் முதல் 2015 கோடைவரை ஒன்பது மாதம் மொத்தமாக மூடவைத்து, நகர நிர்வாகம் அதற்குப் பணம் கொடுத்தது. சுற்றுலா வருகிறவர்கள் குவியும் கோடையில் கட்டுமானத்தை நிறுத்திவைத்தது. பாதி திறந்த கடையில் வாடகை ஓடும், சம்பளம் ஓடும், வாடிக்கையாளர் மட்டும் வரமாட்டார். அந்த நிலைமை ஒரு குடும்பத் தொழிலை மெல்ல முடித்துவிடும். எல்லா ஊருக்கும் இந்த அளவு பணம் இருக்காது, சரி. அப்போதும் நல்ல வியாபார மாதங்களையாவது விட்டுக்கொடுக்கலாம்.

இந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. 1989 நிலநடுக்கத்தில் சேதமான சான் பிரான்சிஸ்கோவின் எம்பர்கடேரோ உயர்மட்டச் சாலையை இடிக்க சைனாடவுன் வணிகர்கள் கடுமையாக எதிர்ப்புத் தெரிவித்தார்கள். வாடிக்கையாளர் வரும் வழியே போய்விடும் என்பது அவர்கள் கவலை. 1991-ல் இடித்துவிட்டார்கள். இன்று அந்தக் கரை அழகாக இருக்கிறது என்பதற்காக அன்றைய கவலையைத் தள்ளிவிட முடியாது.

நடப்பவர்களுக்கு வருவோம். சியாட்டிலின் கோல்மன் படகுத்துறைக்குத் தினமும் ஏராளமானோர் நடந்தே வருகிறார்கள். மேரியன் தெருவிலிருந்து துறைக்குப் போகும் பழைய நடைமேம்பாலத்தைக் கழற்றியபோது, தற்காலிகமாக இன்னொரு நடைபாதையை அமைத்தார்கள். நிரந்தரப் பாலம் 2023-ல்தான் வந்தது. இப்படித் தற்காலிகம் நான்கைந்து ஆண்டுகள் நீடிக்கலாம் என்பதால், சக்கர நாற்காலி போகும் சரிவு, இரவு வெளிச்சம், மழைத்தண்ணீர் வடியும் தரை எல்லாம் அதிலும் வேண்டும்.

திறப்பு விழாவோடு முடிந்தது என்று நினைப்பது

2019 பிப்ரவரி 4, திங்கள். பனி பொழிந்த காலையில் சுரங்கம் திறந்தது. ஆனால் வடக்கு நோக்கி வருகிறவர்கள் நகருக்குள் இறங்கும் சரிவுப்பாதை அப்போது தயாராகவில்லை. அதற்கு மேலும் இரண்டு வாரம் ஆனது. சுரங்கத்தில் நகர மையத்துக்கு நடுவழி வெளியேற்றமே கிடையாது. பழைய சாலையில் செனெகா தெருவில் இறங்கிப் பழகியவர்கள் மையத்துக்கு முன்னதாகவே இறங்கித் தெருக்கள் வழியே போகவேண்டியதாயிற்று. மார்ச்சில், மாநாட்டு மைய விரிவாக்கத்துக்காக, நகரின் பேருந்துச் சுரங்கத்திலிருந்த பேருந்துகளும் தெருவுக்கு வந்தன. அது தனித் திட்டம், ஆனால் வந்து சேர்ந்தது அதே தெருக்களில். ஒவ்வொரு துறையும் தன் நாட்காட்டியை மட்டும் பார்த்தால் இப்படித்தான் ஒன்றன்மேல் ஒன்று விழும். நல்லவேளையாக, பல ஆண்டுகள் நெருக்கடி நீடிக்கும் என்று நகர, மாவட்ட, மாநில நிர்வாகங்கள் முன்பே சேர்ந்து கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தன.

அந்த ஆண்டு முழுக்கப் பழைய உயர்மட்டச் சாலையை இடிக்கும் வேலை கடைகளுக்கும் குடியிருப்புகளுக்கும் பக்கத்திலேயே நடந்தது. நவம்பர் 9 முதல் சுரங்கத்தில் கட்டணம் வசூலிக்கத் தொடங்கினார்கள். கட்டணம் வந்தால் ஒரு பகுதி வண்டிகள் மறுபடி தெருக்களுக்குத் திரும்பும். ஆகவே சிக்னல் நேரம், பேருந்துத் தடம், தகவல் பலகை எல்லாவற்றையும் அந்த நாளுக்காக இன்னொரு முறை சரிபார்க்க வேண்டும். கூடுதல் படகையும் பேருந்தையும் திறப்பு விழா முடிந்த கையோடு திருப்பி அனுப்பக் கூடாது.