கை தூக்கினால் ஆஃப்சைடு ஆகிவிடாது: டிராப் பழக்கும் கோச்சுகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர், புதுச்சேரி பக்கம் நம்ம பசங்க நிறைய பேர் பந்து உதைக்கக் கற்றுக்கொள்வது மணலில்தான். தேவனாம்பட்டினமோ வீராம்பட்டினமோ, இரண்டு ஜோடி செருப்பை கோல் போஸ்டாக வைத்து ஆடுகிற ஆட்டத்தில் ஆஃப்சைடு என்ற பேச்சே வராது. (சக ஆட்டக்காரர் பாஸ் போடும் கணத்தில், எதிரணிப் பாதியில் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தின ஆளையும் தாண்டி நிற்பதுதான் ஆஃப்சைடு இடம்; கடைசி ஆள் பெரும்பாலும் கீப்பர்.) அதற்கு அடுத்து ஃபைவ்ஸ், செவன்ஸ் டோர்னமென்ட் என்று போனால் அங்கேயும் பெரும்பாலும் ஆஃப்சைடு கிடையாது. அப்படி வளர்ந்த பையன் பதினைந்து பதினாறு வயதில் பதினொரு பேர் ஆடும் பெரிய மைதானத்தில் இறங்குகிறான், கோச் ஒரு வாரம் டைம் எடுத்து "எல்லாரும் ஒண்ணா ஏறுங்க, ஆஃப்சைடு ஆயிடும்" என்று சொல்லிக்கொடுத்து ஞாயிற்றுக்கிழமை மேட்ச்சுக்கு அனுப்பிவிடுகிறார். நாலு கோல் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். பையன் மேல் தப்பே இல்லை. பாதிப் பாடம்தான் அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

விட்டுப்போன மீதிப் பாதி பந்து வைத்திருக்கிற எதிராளியைப் பற்றியது. ஆஃப்சைடு டிராப், அதாவது டிஃபெண்டர்கள் ஒரே வரிசையாக (லைனாக) முன்னால் ஏறி எதிரணி ஃபார்வர்டை ஆஃப்சைடில் மாட்டவைக்கும் பொறி, நாலு டிஃபெண்டர்களுடைய வேலை மட்டும்தான் என்று நினைப்பதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. எதிரணி மிட்ஃபீல்டர் பக்கத்தில் யாரும் இல்லாமல், தலையை நிமிர்த்தி, முன்னால் பார்த்தபடி பந்தோடு நிற்கிறார் என்றால் உங்கள் லைன் எவ்வளவு நேராக இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. தன் ஃபார்வர்டு எப்போது ஓடத் தொடங்குகிறார் என்று பார்த்து அதற்கு ஏற்ற நொடியில் அவர் பாஸ் போட்டுவிடுவார். அதே ஆளை நம் மிட்ஃபீல்டர் ஒருவர் நெருங்கி, குனிந்து பந்தைப் பார்க்க வைத்துவிட்டால் அந்த நொடியைத் தேர்ந்தெடுக்கும் வசதி அவருக்குப் போய்விடும். 2022 உலகக் கோப்பையில் சவூதி அரேபியா அர்ஜென்டினாவை 2-1 என்று ஜெயித்த மேட்ச்சில், முதல் பாதியில் மட்டும் அர்ஜென்டினாவின் மூன்று கோல்கள் ஆஃப்சைடு என்று ரத்தாயின. எல்லாரும் பின்னால் இருந்த லைனைப் பற்றியே பேசினார்கள். அந்த லைனுக்கு முன்னால் சவூதி மிட்ஃபீல்டர்கள் எவ்வளவு நெருக்கமாக நின்று ஆடினார்கள் என்பதைத்தான் கோச்சுகள் பார்க்க வேண்டும்.

அதனால் முதலில் ஏறுவதைச் சொல்லிக்கொடுக்காதீர்கள். இறங்குவதை, அதாவது நம் கோல் பக்கம் பின்வாங்குவதைச் சொல்லிக்கொடுங்கள். பந்து வைத்திருப்பவர் ஃப்ரீயாக இருந்தால் இறங்கு. பாஸ் பின்னால் போனாலோ, அவர் முதுகைக் காட்டினாலோ, பந்து அவர் காலில் சரியாக நிற்காமல் தள்ளிப் போனாலோ ஏறு. இதற்கு எதிரணியே தேவையில்லை. நாலு டிஃபெண்டர்களை அரை மைதானத்தில் நிறுத்தி, நீங்கள் நடுவில் பந்தோடு நில்லுங்கள். காலைப் பின்னால் இழுத்து நீளமாக உதைக்கப் போவது போல் காட்டினால் நாலு பேரும் பக்கவாட்டில் திரும்பி இறங்க வேண்டும். உதைக்காமல் பந்தைப் பின்னால் உருட்டிவிட்டால் உடனே நாலைந்து அடி ஏறி நிற்க வேண்டும். பந்து எங்கும் போகாது, அவர்கள் உங்கள் காலையும் தோளையும் பார்த்தே முன்னும் பின்னும் நகர்வார்கள். பசங்களுக்கு இது போர் அடிக்கும், பரவாயில்லை. இது சரளமாக வந்த பிறகு இரண்டு ஃபார்வர்டுகளை விடுங்கள், அப்புறம் நாலு பேரை விடுங்கள்.

ஏறுகிற நேரத்தில்தான் அடுத்த சிக்கல். ஆஃப்சைடு இடத்தில் இருக்கிறாரா இல்லையா என்பது சக ஆட்டக்காரர் பந்தைத் தொடுகிற கணத்தை வைத்துத்தான் முடிவாகும், பந்து வந்து சேரும் கணத்தை வைத்து இல்லை. பந்து காலை விட்டுக் கிளம்பியதைப் பார்த்துவிட்டு ஏறினால் ஃபார்வர்டு ஏற்கெனவே சரியான இடத்தில் இருந்தவராகிறார், நம் ஆட்கள் அவருக்கு எதிர்த்திசையில் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். நின்று, திரும்பி, மறுபடி வேகம் எடுப்பதற்குள் அவர் கீப்பரிடம் போய்விடுவார். சந்தேகம் வந்தால் ஏறாதே என்று பையன்களிடம் ஒன்றுக்கு நாலு தடவை சொல்லுங்கள்.

கை தூக்குவதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நம் ஊர் மைதானங்களில் டிஃபெண்டர் கையைத் தூக்கிக்கொண்டு ரெஃப்ரியைப் பார்த்தபடி நின்றுவிடுவதும், பின்னால் கோல் விழுவதும் சாதாரணமாகப் பார்க்கிற காட்சி. ஓரத்தில் நிற்கிற லைன்ஸ்மேனின் கொடி உயர்ந்தால்கூட ரெஃப்ரியின் விசில் வரும் வரை ஆட்டம் நிற்காது. உள்ளூர் மேட்ச் பலவற்றில் ஓரக்கோட்டில் கொடியோடு நிற்பவர் பயிற்சி பெற்ற ரெஃப்ரியாக இருப்பதில்லை; ஏதோ ஒரு கிளப் பையன் நிற்பான், கொடியே இல்லாத மேட்ச்சும் உண்டு. டிராப் போட்டால் கொடி பிடிப்பவர் தினமும் நம் கடைசிக்கு முந்தின ஆளோடு ஒரே கோட்டில் ஓடிப் பழகியவராக இருக்க வேண்டும். வார்ம்-அப் நேரத்திலேயே யார் கொடி பிடிக்கிறார்கள் என்று பாருங்கள். ஆள் சரியில்லை என்று பட்டால் அன்றைக்கு டிராப்பை மறந்துவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. பயிற்சியில் யார் கை தூக்கினாலும் ஆட்டத்தை நிறுத்தாமல் விட்டுவிடுங்கள், கோல் விழட்டும்.

லைனை உடைப்பது பெரும்பாலும் நடுவில் இருக்கிற ஸ்டாப்பர் இல்லை, பந்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற ஓரத்து டிஃபெண்டர், அதாவது பேக். பந்து வலது ஓரத்தில் இருந்தால் இடது பேக் சும்மா நிற்பது போல் இருக்கும், கவனம் சிதறும், மற்ற மூன்று பேர் ஏறும்போது அவர் இரண்டடி பின்னால் தங்கிவிடுவார். அந்த இரண்டடி போதும், எதிரணி ஃபார்வர்டு அத்தனை பேரும் ஆன்சைடு, அதாவது ஆஃப்சைடு இல்லை. ஸ்டாப்பர்தான் குரல் கொடுப்பார் என்று ஒரே ஆளுக்கு அந்தப் பொறுப்பைக் கொடுங்கள், "ஏறு", "இறங்கு" இந்த இரண்டு வார்த்தை போதும். குரல் வரும் வரை எதிர்ப்பக்க பேக் பந்தை ஒரு தடவை, லைனை ஒரு தடவை என்று மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நீங்களும் பயிற்சியில் பந்துப் பக்கம் நிற்காமல் அவர் பக்கம் போய் நில்லுங்கள்.

விதியை அரைகுறையாகத் தெரிந்துவைத்திருப்பதும் கோல் வாங்கித் தரும். த்ரோ, கோல் கிக், கார்னர் மூன்றிலும் நேராக வருகிற பந்துக்கு ஆஃப்சைடு கிடையாது. எதிரணி கீப்பர் கோல் கிக் எடுக்கும்போது நடுக்கோடு வரை ஏறி நின்று, பின்னால் நிற்கிற ஃபார்வர்டை ஆஃப்சைடு என்று விட்டுவிடுகிற டீம்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. ஃபார்வர்டு அவருடைய சொந்தப் பாதியில் நின்றாலும் ஆஃப்சைடு இல்லை, ஆகவே நடுக்கோட்டைத் தாண்டி லைனை ஏற்றுவதில் ஒரு லாபமும் இல்லை. கைகள் கணக்கில் வராது, தலை, உடம்பு, கால்தான். கடைசிக்கு முந்தின ஆளோடு சமமாக நின்றால் 1990-லிருந்து ஆன்சைடு. கோல் கோட்டுக்கு வெளியே விழுந்து கிடக்கிற டிஃபெண்டரும் கணக்கில் உண்டு: 2008 யூரோவில் இத்தாலியின் பனுச்சி கோட்டுக்கு வெளியே கிடந்தார், நெதர்லாந்தின் வான் நிஸ்டல்ராய் போட்ட கோல் செல்லும் என்றே முடிவானது. விதிப்படி அது சரியான முடிவு.

கீப்பரையும் இந்தப் பயிற்சியில் சேர்க்காத கோச்சுகள் இருக்கிறார்கள், எனக்கு அது புரிவதே இல்லை. லைன் ஏறினால் பின்னால் திறக்கிற இடம் கீப்பருடையது. அவர் கோல் கோட்டிலேயே நின்றால் டிராப்பைத் தாண்டி வருகிற ஒவ்வொரு பந்தும் ஆபத்துதான். லைன் ஏறும்போது அவரும் பெனால்டி ஏரியா விளிம்பு வரை வர வேண்டும், காலால் பந்தை அடித்து விரட்டத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, அவர் வெளியே வந்து லைனைத் தாண்டிவிட்டால் கணக்கே மாறும். கடைசிக்கு முந்தின ஆள் கீப்பர் உட்பட யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். கார்னருக்குப் பிறகு இந்தக் குழப்பம் அடிக்கடி வரும்.

முன்னால் நிற்கிற ஃபார்வர்டை மட்டுமே பார்ப்பதும் பழகிப்போன தவறு. புத்திசாலி டீம் அவரை ஆஃப்சைடு இடத்திலேயே சும்மா நடக்க விட்டு, மிட்ஃபீல்டில் இருந்து ஒருவரை ஓட விடும். பின்னாலிருந்து வருகிற அந்த ஆள் ஆன்சைடு. ஆஃப்சைடு இடத்தில் நிற்பவர் ஆட்டத்தில் தலையிடாத வரை குற்றமும் இல்லை. 2024 அக்டோபரில் பார்சிலோனா ரியல் மாட்ரிட்டை 4-0 என்று அடித்தபோது ரியல் ஃபார்வர்டு எம்பாப்பே மட்டும் எட்டு தடவை ஆஃப்சைடில் சிக்கினார், அதே மாதிரி முன்னால் ஏற்றிவைத்த லைனோடு ஆடிய பார்சிலோனா அந்த சீசன் சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டர் மிலானிடம் இரண்டு மேட்ச்சில் ஏழு கோல் வாங்கி வெளியேறியது. ஓடி வருகிற ஆளோடு கூடவே ஓட ஒரு மிட்ஃபீல்டரை வையுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒன்று காற்று. சாயங்காலம் கடற்காற்று மைதானத்தின் நீளவாக்கில் அடித்தால், அது எதிரணிக்குச் சாதகமாக இருக்கிற பாதியில் லைனை ஏற்றாதீர்கள், சாதாரணமாகத் தூக்கிப் போடுகிற பந்தே தலைக்கு மேல் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் சேற்றில் திரும்ப நேரம் பிடிக்கும், அப்போதும் இறங்கியே ஆடுங்கள்.

கடைசிப் பதினைந்து நிமிடம் கால் ஓய்ந்துபோய் முதலில் பிந்துவது அந்த எதிர்ப்பக்க பேக்தான். அவரை மாற்றி உள்ளே விடுகிற பையன் இதே லைனில் பயிற்சி எடுத்தவனா என்று பாருங்கள். இல்லை என்றால் "ஏறு" என்ற குரலையே நிறுத்தச் சொல்லி, பெனால்டி ஏரியாவுக்குச் சற்று வெளியே நாலு பேரையும் நிறுத்தி மேட்ச்சை முடித்துக்கொண்டு வாருங்கள்.