‘சத்தானது’ என்ற சொல் இல்லாமல் நெல்லிக்காயை விற்பது எப்படி?

நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் “நெல்லிக்காய்க்கு ஒரு விளம்பரம் எழுதுங்கள்” என்று சொல்லிப் பாருங்கள். நாற்பது தாளிலும் ஏறக்குறைய ஒரே பத்திதான் வரும்: “நெல்லிக்காய் ஒரு சத்தான கனி. இதில் வைட்டமின் சி நிறைந்துள்ளது. ஆகவே நாம் அனைவரும் தினமும் நெல்லிக்காய் உண்போம்.” தமிழில் பிழை இல்லை, ஆனால் படிப்பவர் நாக்கில் எச்சிலும் ஊறாது. இது பிள்ளைகளின் குற்றமல்ல. யாரிடம் பேசுகிறோம், அந்த ஆள் ஏன் வேண்டாம் என்கிறான் என்ற இரண்டும் தெரியாமல் எழுதினால் யார் எழுதினாலும் கட்டுரைதான் வரும். இணங்க வைக்கும் எழுத்து அந்த ‘வேண்டாம்’ என்ற சொல்லிலிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கு 40 நிமிடப் பாடவேளைகள் ஐந்து தேவை. மூன்றில் முடிக்கப் பார்த்தால் திருத்தி எழுதும் வேலைதான் முதலில் அடிபடும், பிள்ளைகள் கற்பதில் பாதி அங்கேதான் இருக்கிறது.

முதல் நாள்: உறையின் முன்பக்கமும் பின்பக்கமும்

இரண்டு நாள் முன்பே சொல்லி, கழுவித் துடைத்த காலி உறைகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிஸ்கட், சிப்ஸ், சத்துமாவு, பழப் படம் போட்ட பானம் எனக் கலந்து பதினைந்து உறைகள் போதும். ஐந்து பேருக்கு ஒரு குழு. நோட்டில் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் உறையின் முன்னால் பெரிய எழுத்தில் உள்ள சொற்களையும், வலப்பக்கம் பின்னால் பொடி எழுத்தில் உள்ள மூலப்பொருள் பட்டியலின் முதல் மூன்று பெயர்களையும் எழுதட்டும்.

எடையில் அதிகமாக உள்ள பொருளை முதலில் போட்டு, இறங்குவரிசையில் எழுத வேண்டும் என்பது நம் நாட்டு விதி. இந்த ஒரு விஷயத்தைச் சொல்லிவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். முன்பக்கம் மாம்பழம் தொங்கும் பாட்டிலின் பட்டியலில் மாம்பழத்துக்கு முன்னால் என்ன நிற்கிறது என்று பிள்ளைகளே தேடிப் பிடிப்பார்கள். சர்க்கரை, வெல்லம், குளுக்கோஸ் சிரப் மூன்றும் இனிப்புதான் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். விளம்பரச் சொற்களுக்கும் கடிவாளம் உண்டு என்பதற்கு ஒரு சான்று போதும்: அடர்சாற்றில் தண்ணீர் கலந்து செய்யும் பானங்களின் மேல் ‘100% பழச்சாறு’ என்று போடக்கூடாது என 2024 ஜூனில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் உத்தரவிட்டது.

ஆனால் வகுப்பைக் குறை கண்டுபிடிப்பதோடு முடித்துவிடாதீர்கள். “எந்த உறை உன்னை வாங்கச் சொன்னது? அதில் எந்தச் சொல்?” என்று கேளுங்கள். ‘மொறுமொறு’, ‘ஒன்னு எடுத்தா நிறுத்த முடியாது’ என்று பதில் வரும். அந்தக் கருவிகளைத்தான் நாளை நெல்லிக்காய்க்கும் கொய்யாவுக்கும் எடுக்கப் போகிறோம்.

இரண்டாம் நாள்: வாய்க்குள் நடப்பதை எழுதுதல்

சாப்பிடாத பொருளுக்கு விளம்பரம் எழுதச் சொல்லக் கூடாது. நாற்பது பேருக்குப் பெருநெல்லி எட்டு முதல் பத்துக் காய் போதும், ஒவ்வொன்றும் ஐந்தாறு பத்தையாகப் பிரியும். நெல்லி கிடைக்காத மாதங்களில் கொய்யா. சுண்டல் என்றால் அரை கிலோ கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறவையுங்கள். வெந்தபின் ஒரு கிலோவுக்குக் குறையாமல் வரும், ஆளுக்கு ஒரு கைப்பிடி. வேர்க்கடலையோ எள்ளோ தருவதானால் யாருக்காவது ஒவ்வாமை உண்டா என்று பெற்றோரிடம் கேட்காமல் தரவே கூடாது.

கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு, இந்தச் சொற்களை எழுதி மேலே குறுக்குக்கோடு போடுங்கள்: சத்தான, சுவையான, அருமையான, ஆரோக்கியமான, உடலுக்கு நல்லது. இவை எந்த உணவுக்கும் பொருந்தும், ஆகவே எந்த உணவையும் காட்டாது. இட்லிக்கும் அதே சொல், இளநீருக்கும் அதே சொல்.

இனி மெதுவாக நடத்துங்கள். பத்தையை வாயில் போடும் முன் முகர்ந்து ஒரு சொல். கடிக்கும்போது கேட்ட சத்தம் ஒரு சொல். மெல்லும்போது முகம் என்ன செய்தது என்பது ஒரு சொல். உடனே ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கச் சொல்லி நிறுத்துங்கள். துவர்த்துப் புளித்த வாயில் தண்ணீர் தித்திக்கும். வகுப்பில் சத்தம் எழும், எழட்டும். “தண்ணி இனிக்குது!” என்று யாரோ கத்துவார்கள், அதையே பலகையில் அப்படியே எழுதுங்கள். நெல்லிக்காய்க்கு அதைவிட நல்ல முதல் வரி கிடையாது. இரட்டைக்கிளவி நடத்த வேண்டிய இடமும் இதுதான். மொறுமொறு, வழவழ, கொழகொழ என்பவை இலக்கணப் பாடத்தில் வெறும் பட்டியல், இங்கே அவை விற்கும் சொற்கள்.

மூன்றாம் நாள்: யாருக்கு, அவர் என்ன சொல்லி மறுப்பார்?

‘மக்களுக்கு’ என்று எழுதிய தாளைத் திருப்பிக் கொடுங்கள். ஒரே ஓர் ஆள் வேண்டும்: மூன்றாம் வகுப்புத் தம்பி, டிபன் பாக்ஸ் கட்டும் அம்மா, பள்ளிக்கு எதிர்க்கடை அண்ணன். ஆளை முடிவு செய்தபின் அவர் வாயால் வரும் மறுப்பைப் பேச்சுத்தமிழிலேயே எழுத வேண்டும். தம்பி: “புளிக்கும்.” அம்மா: “காலைல யாரு உட்கார்ந்து செய்யறது?” கடைக்கார அண்ணன்: “கடலை மிட்டாய் வாங்கி வச்சா யாரு வாங்குவா?” பக்கத்துப் பிள்ளை அந்த ஆளாக நடித்து மறுக்க, எழுதுபவர் பதில் சொல்லட்டும். சொல்லிப் பார்த்த பதிலில் எது மறுத்தவரை நிறுத்தியதோ அதுவே விளம்பரத்தின் நடுவரி. அம்மாவுக்கு நெல்லிக்காயின் வைட்டமினைச் சொல்லிப் பயனில்லை, அவருடைய சிக்கல் நேரம். “கொய்யா. கழுவினால் போதும், இரண்டு நிமிடம்” என்பதுதான் அவருக்கான பதில்.

நான்காம் நாள்: சான்று

இங்கேதான் பிள்ளைகளும் தடுமாறுவார்கள், நாமும் தடுமாறுகிறோம். ‘பாலைவிடக் கேழ்வரகில் மூன்று மடங்கு கால்சியம்’ என்ற வரி எல்லா இடத்திலும் ஓடுகிறது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 340 மில்லிகிராம், 100 மில்லி பசும்பாலில் சுமார் 120. எண்கள் சரி. ஆனால் 100 கிராம் உலர்ந்த மாவை எந்தப் பிள்ளையும் ஒரே மூச்சில் குடிப்பதில்லை. ஒரு டம்ளர் கூழுக்கு 30 கிராம் மாவு போட்டால் அதில் சுமார் 100 மில்லிகிராம்தான். 200 மில்லி பாலில் 240. காகிதத்தில் ஜெயித்த கேழ்வரகு டம்ளரில் தோற்றுவிடுகிறது. இந்தக் கணக்கைப் பலகையில் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள், கணக்குப் பாடமும் சேர்ந்துவிடும். பிறகு உண்மையான வரியைத் தேடட்டும்: “60 கிராம் மாவில் இரண்டு அடை, 200 மில்லிகிராம் கால்சியம்.” பாலை வம்புக்கு இழுக்காமலே கேழ்வரகு நிற்கிறது.

கொய்யாவையும் ஆரஞ்சையும் ஒப்பிடுவது நியாயம், இரண்டும் பச்சையாகத் தின்னும் பழங்கள். 100 கிராம் கொய்யாவில் வைட்டமின் சி சுமார் 200 மில்லிகிராம், ஆரஞ்சில் சுமார் 50. முருங்கைக்கீரைப் பொடியை வேறொரு பச்சைக்கீரையோடு ஒப்பிடும் வரிகள் கேழ்வரகு வரியின் உடன்பிறப்பு, தண்ணீர் வற்றியதைத் தண்ணீர் உள்ளதோடு எடை போடுகின்றன. கடலை மிட்டாய்க்கு ‘சர்க்கரையே இல்லை’ என்று எழுதினால் அந்த வரியை அடித்துவிடுங்கள், வெல்லமும் சர்க்கரைதான். ‘கோவில்பட்டி கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது’ என்பது உண்மை, ஆனால் ஊர்ப்பெயருக்கான சான்று, சத்துக்கானது அல்ல.

மூன்று வகை வரிகளுக்கு இடமே கொடுக்காதீர்கள். நோய் குணமாகும் என்பது முதலாவது. ‘சர்க்கரை நோய் தீரும்’ என்று உணவை விளம்பரம் செய்வது சட்டப்படியே குற்றம். குண்டு, ஒல்லி, கறுப்பு, சிவப்பு என்று உடம்பைச் சொல்லி மிரட்டுவது இரண்டாவது, அதைப் படித்து வகுப்பிலேயே ஒரு பிள்ளை தலைகுனியும். மூன்றாவது அடுத்தவர் டிபன் பாக்ஸைக் கேலி செய்வது. வீட்டில் பாக்கெட் நூடுல்ஸ் தவிர வேறு முடியாத காலை பலருக்கும் உண்டு.

இப்போது அரைத்தாளில் வரைவு: நான்கு முதல் ஏழு சொல்லில் தலைப்பு, அதன் கீழ் சுமார் நாற்பது சொல்லில் சுவை, மறுப்புக்குப் பதில், ஒரு சான்று, கடைசியில் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியம். தலைப்பு பேச்சுத்தமிழில் இருக்கலாம், உடல்பகுதி எழுத்துத்தமிழில் இருக்கட்டும். ‘உண்போம், உயர்வோம்’ என்று முடித்தால் படித்தவர் எங்கே போவார்? இப்படி வரட்டும்:

“கடிச்சுப் பாரு, தண்ணி தேனாகும்!
முதல் கடியில் புளிக்கும், உண்மைதான். கண் சுருங்கும், பல் கூசும். பத்து எண்ணு. ஒரு மடக்குத் தண்ணீர் குடி. வெறும் தண்ணீர் இனிக்கும்! சர்க்கரை போடவில்லை, மந்திரமும் இல்லை. ஒரு நெல்லிக்காய், ஒரு டம்ளர் தண்ணீர், அவ்வளவுதான். இன்று மதியம் சாப்பிட்டதும் ஐந்தாம் வகுப்பு வாசலுக்கு வா, உனக்கு ஒரு பத்தை வைத்திருக்கிறோம்.”

‘புளிக்கும், உண்மைதான்’ என்று ஒப்புக்கொண்டதைக் கவனியுங்கள். மறுப்பை மறைத்தால் தம்பி நம்பமாட்டான்.

ஐந்தாம் நாள்: திருத்தம், பிறகு சுவர்

தாளை மாற்றிக்கொண்டு பென்சிலால் இரண்டே குறிகள் போடட்டும். சாப்பிடத் தோன்றிய இடத்தில் சரிக்குறி, நம்ப முடியாத இடத்தில் கேள்விக்குறி. சரிக்குறியே இல்லாத தாளுக்குச் சுவைச்சொல் வேண்டும், கேள்விக்குறி உள்ள வரிக்கு ‘எவ்வளவு? எதில்?’ என்பதற்குப் பதில் வேண்டும். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை எல்லாம் இதற்குப் பிறகுதான். வரைவிலேயே சிவப்பு மை விழுந்தால் அடுத்த முறை பத்திரமான பழைய கட்டுரைதான் வரும்.

மதிப்பெண் பத்து என்றால் சான்றுக்கு மூன்று, சுவைச்சொல்லுக்கும் மறுப்புக்கான பதிலுக்கும் ஆளுக்கேற்ற பேச்சுக்கும் இரண்டிரண்டு, கடைசி வேண்டுகோளுக்கு ஒன்று. படத்துக்கு மதிப்பெண் வேண்டாம். சார்ட்டையும் ஸ்கெட்ச் பேனாவையும் வாசகம் முடிந்த பிறகே எடுத்துக் கொடுங்கள், முன்பே கொடுத்தால் நெல்லிக்காய்க்குக் கண்ணும் மூக்கும் வரைவதிலேயே மணி அடித்துவிடும்.

எழுதியது யாருக்கோ அவர் கண்ணில் படுமாறு ஒட்டுங்கள். மூன்றாம் வகுப்புக்கானது என்றால் அந்தப் பிள்ளைகளின் கண்ணுயரத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில். ஒட்டும் முன் அந்த வகுப்பில் “நெல்லிக்காய் யாருக்கு வேண்டும்?” என்று கேட்டுக் கைகளை எண்ணிக்கொள்ளுங்கள், இரண்டு நாள் கழித்து மீண்டும் எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறாவிட்டால் எந்த வரியில் நம்பவில்லை என்று எழுதியவர்களே போய்க் கேட்டு வந்து திருத்தட்டும். ‘மதியம் வா’ என்று எழுதியிருந்தால் மதியம் தட்டில் பத்தைகள் இருந்தாக வேண்டும். வந்த தம்பி வெறுந்தட்டைப் பார்த்துத் திரும்பினால் அடுத்த விளம்பரத்தை நின்று படிக்க மாட்டான்.