அம்பாசிடர் பின் பட்டை: வீட்லயே கழட்டி, புஷ் மாத்தி, திரும்ப மாட்டுறது எப்படி

வண்டி பின்னாடி உக்காந்துருச்சு, ஸ்பீடு பிரேக்கர்ல ஏறி எறங்குனா அடியில 'டொக்'குன்னு ஒரு சத்தம், வேகமா திரும்பும்போது பின்பக்கம் ஒரு நொடி கழிச்சு தான் கூட வருது. இதுல ரெண்டு இருந்தாலே பின் சஸ்பென்ஷனை, அதாவது ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கின பட்டை ஸ்பிரிங்கை (லீஃப் ஸ்பிரிங்), இறக்கிப் பாக்க வேண்டிய நேரம்னு அர்த்தம். ஒர்க்‌ஷாப்ல கேட்டா பாதிப் பேரு "எக்ஸ்ட்ரா ஒரு பட்டை சேத்துப் போட்டுரலாம் சார்"னு தான் சொல்லுவாங்க. டாக்ஸி ஓட்டுறவங்களுக்கு, டிக்கி நெறைய லக்கேஜ் ஏத்துறவங்களுக்கு அது சரி. ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட ஒரு ரவுண்டு போறவங்களுக்கு அது தண்டம், வண்டி தூக்கும், ஆனா முதுகு போயிரும். சத்தத்துக்கு காரணம் பெரும்பாலும் பட்டையே இல்ல, அதோட ரெண்டு முனையிலயும் போல்ட்டைச் சுத்தி இருக்கற ரப்பர் வளையம், அதாவது புஷ் தான்.

அம்பாசிடர் அடிப்படையில மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3-ங்கற இங்கிலீஷ் கார். கொல்கத்தா பக்கத்துல உத்தரபாரா ஃபேக்டரில 2014 வரைக்கும் தயாராச்சு, எஞ்சின் பல தடவ மாறுச்சு, ஆனா பின்னாடி அதே ரெண்டு பட்டைக் கட்டு, அதுக்கு மேல யூ போல்ட்ல இறுக்கிக் கட்டின ஆக்சில், அவ்ளோ தான். வெயிட்டைத் தாங்குறதும் பட்டை தான், ஆக்சில் முன்ன பின்ன நகராம பிடிச்சு வைக்கறதும் அதே பட்டை தான். அதனால தான் புஷ் தேஞ்சா ஆக்சில் இஷ்டத்துக்கு நகந்து, பின்னாடியும் ஒரு ஸ்டியரிங் இருக்கற மாதிரி வண்டி அலையுது.

முதல்ல அளவு எடுங்க. சமதளமான எடத்துல நிறுத்தி, வீல் நடுவுல இருந்து மட்கார்டு ஓரம் வரைக்கும் ரெண்டு பக்கமும் டேப் வச்சு அளந்து எழுதி வைங்க. அப்புறம் சக்கிள் (பட்டையோட பின் முனையை பாடியோட சேக்கற, ஆடற இணைப்பு) கிட்ட ஒரு லிவர் ராடு விட்டு நெம்பிப் பாருங்க, லொடலொடன்னு ஆடுனா புஷ் காலி. இந்த அளவு பின்னாடி தேவைப்படும், மறந்துராதீங்க.

டூல்ஸ் பத்தி ஒரு வார்த்தை. வண்டி இங்கிலீஷ்காரன் டிசைன், அதனால இஞ்ச் ஸ்பேனர் தான் வேணும், 1/2, 9/16, 5/8, 3/4. மில்லிமீட்டர் ஸ்பேனர் "கிட்டத்தட்ட" உக்காரும், அந்த கிட்டத்தட்ட தான் நட்டோட மூலைய மழுக்கிரும். டபாரியா ரிங் ஸ்பேனர் செட் ஒண்ணு போதும், ஓப்பன் ஸ்பேனரை இந்த வேலைக்கு தொடவே தொடாதீங்க. ட்ராலி ஜாக்கி ஒண்ணு, பாட்டில் ஜாக்கி ஒண்ணு, நல்ல ஜாக் ஸ்டாண்டு ரெண்டு. ஹாலோ பிளாக், செங்கல் எல்லாம் அடுக்கி வச்சுட்டு அடியில போறவங்களுக்கு நான் எதுவும் சொல்லித்தர மாட்டேன்.

இன்னொரு விஷயம், ஹேண்ட் பிரேக் பின் வீலை தான் பிடிக்கும், நீங்க தூக்கப்போறதும் அதே வீலை. அதனால முன் வீலுக்கு ரெண்டு பக்கமும் கட்டை வைக்காம ஜாக்கியைத் தொடாதீங்க.

ஜாக் ஸ்டாண்டு எங்க வைக்கணும்னா, பட்டையோட முன் முனை மாட்டியிருக்கற எடத்துக்கு கொஞ்சம் முன்னாடி, பாடியோட பெட்டி மாதிரி இருக்கற கனமான பகுதியில. துரு பிடிச்சு ஓட்டையா இருந்தா அங்க வைக்காதீங்க, வெல்டிங் வேலை முடிச்சுட்டு வாங்க. ட்ராலி ஜாக்கி டிஃபரன்ஷியல் கூண்டுக்கு (ஆக்சில் நடுவுல உருண்டையா இருக்கறது) அடியில, ஆக்சில் வெயிட்டை லேசா தாங்கற அளவுக்கு. புஷ் மட்டும் மாத்தறதா இருந்தா ஒரு நேரத்துல ஒரு பக்கம் மட்டும் கழட்டுங்க. இன்னொரு பக்கம் ஆக்சிலை பிடிச்சு வச்சுக்கும், ப்ரொப்பெல்லர் ஷாஃப்டை (எஞ்சின் சுத்தறதை பின் ஆக்சிலுக்கு கொண்டு போற தண்டு) கழட்ட வேண்டியதில்ல, எது எப்படி இருந்துச்சுன்னு சந்தேகம் வந்தா அந்தப் பக்கம் போய் பாத்துக்கலாம். ஷாக் அப்சார்பரை கீழ் முனையில கழட்டிட்டு ஆக்சிலை இறக்கும்போது பிரேக் ஹோஸ் மேல ஒரு கண்ணு இருக்கணும், அது விறைக்க ஆரம்பிச்சா அதுக்கு மேல இறக்காதீங்க.

யூ போல்ட் நட்டு ஓரளவுக்கு வந்துரும். வரலைன்னா முறிச்சே எடுத்துருங்க, எப்படியும் புதுசு தான் போடணும், ஒரு தடவ இழுபட்ட யூ போல்ட்டை திரும்பப் போடறது வேலைக்கு ஆகாது.

உண்மையான சண்டை பின்னாடி சக்கிள் பின்னோட (ஆணி மாதிரி இருக்கற தண்டு) தான். பல வருஷத் தண்ணி, சேறு, துரு எல்லாம் சேந்து பின்னும் புஷ்ஷும் ஒண்ணாவே ஆயிருக்கும். சுத்தியல் எடுத்து பின்னோட முனையில நேரா அடிக்காதீங்க, முனை காளான் மாதிரி விரிஞ்சா அப்புறம் ஓட்டை வழியா வரவே வராது. நட்டை முழுசா கழட்டாம, பின்னோட முனைக்கு சமமா நிக்கற அளவுக்கு விட்டுட்டு, அது மேல பித்தளைத் துண்டு வச்சு அடிங்க. ரெண்டு நாள் முன்னாடியே டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊத்தறது) கலந்து ஊற விட்டா பாதி வேலை முடிஞ்சுரும், ஸ்ப்ரே கேனை விட எனக்கு இது தான் பிடிக்கும், காசும் கம்மி. அதுக்கும் அசையலைன்னா பாடிக்கும் சக்கிள் தகட்டுக்கும் நடுவுல ஆக்சா பிளேடை விட்டு ரப்பரோட சேத்து பின்னை அறுத்துருங்க. கேஸ் வச்சு சூடு பண்ணலாம்னு சொல்லுவாங்க. பெட்ரோல் டேங்க் எவ்ளோ தூரத்துல இருக்குன்னு பாத்துட்டு அந்த யோசனைய கைவிடுங்க.

பட்டைக் கட்டு கீழ வந்ததும் சாக்பீஸ்ல இல்ல, பஞ்ச் வச்சு முன்பக்கம் எதுன்னு ஒரு புள்ளி குத்துங்க. சென்டர் போல்ட்டை (பட்டைகளை நடுவுல சேத்துப் பிடிக்கற போல்ட்) அவுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு பக்கமும் சி கிளாம்ப் போட்டு இறுக்கணும், அப்படியே அவுத்தா பட்டைங்க விரிஞ்சு கைய பதம் பாக்கும். ஒவ்வொரு பட்டையா வயர் பிரஷ் போட்டு தேய்ச்சு வெளிச்சத்துல பாருங்க. சென்டர் போல்ட் ஓட்டையைச் சுத்தியும், மெயின் பட்டையோட கண்ணு (முனையில புஷ் உக்கார்ற வளையம்) சுருளற எடத்துலயும் முடி மாதிரி கோடு தெரிஞ்சா அந்தப் பட்டையைத் தூக்கிப் போடுங்க. வெல்டிங் வைக்கவே கூடாது, அந்தச் சூட்டுல ஸ்பிரிங்குக்கான பதம் போயி பக்கத்துலயே மறுபடி உடையும்.

வளைவு போயிருந்தா பட்டை வேலை செய்யற பட்டறைக்கு கொண்டு போங்க, கோவைன்னா உக்கடம் பக்கம், சென்னைன்னா புதுப்பேட்டைல கேட்டா வழி சொல்லுவாங்க. ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அண்ணே, பச்சையா அடிப்பீங்களா, காய்ச்சி தோச்சல் போடுவீங்களா?" பச்சையா, அதாவது சூடு காட்டாம அடிச்சு வளைச்சது அன்னைக்கு அழகா நிக்கும், கொஞ்ச மாசத்துல மறுபடி உக்காந்துரும். சிவக்க காய்ச்சி, வளைச்சு, எண்ணெயில முக்கி, மறுபடி அளவான சூடு காட்டி ஆற விடறது தான் நிக்கும். ரெண்டு பக்கக் கட்டையும் சேத்தே குடுங்க, ஒண்ணு மட்டும் செஞ்சா வண்டி ஒருக்களிச்சு நிக்கும்.

வந்த பட்டைக்கு ரெட் ஆக்சைடு, கருப்பு பெயிண்ட், பட்டைக்கு பட்டை உரசற எடத்துல மட்டும் கிராஃபைட் கிரீஸ். புஷ்ல கிரீஸ் படவே கூடாது, ரப்பர் ஊதிரும். சோப்புத் தண்ணி தடவி உள்ள தள்ளுங்க. பாலியூரித்தேன் புஷ் ஆன்லைன்ல பளபளன்னு விக்கறாங்க, எனக்கு வேணாம், இந்த வண்டிக்கு ரப்பர் தான் மெத்துன்னு இருக்கும்.

மாட்டும்போது முன் முனை முதல்ல, அப்புறம் பின் சக்கிள், ரெண்டு நட்டையும் கையால மட்டும் திருகுங்க. கண்ணு சக்கிளுக்கு எட்டலைன்னா பாட்டில் ஜாக்கிய பட்டைக்கு கீழ வச்சு கொஞ்சம் தூக்குனா பட்டை நீண்டு வந்து உக்காரும். சென்டர் போல்ட்டோட தலை ஆக்சில்ல இருக்கற குழியில சரியா உக்காந்துச்சான்னு டார்ச் அடிச்சு பாத்துட்டு தான் யூ போல்ட். நாலு நட்டையும் குறுக்கு குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க.

இப்ப தான் முக்கியமான எடம். கண்ணு போல்ட்டையும் சக்கிள் நட்டையும் வண்டி அந்தரத்துல இருக்கும்போது ஃபுல் டைட் பண்ணாதீங்க! இந்த ரப்பர் புஷ் வழுக்கிச் சுத்தறது இல்ல, உள்பக்கமும் வெளிப்பக்கமும் இறுக்கமா பிடிச்சுக்கிட்டு நடுவுல முறுக்கிக்கும். பட்டை தொங்கற நிலையில இறுக்குனா, வண்டிய இறக்குன உடனே ரப்பர் முறுக்கிக்கிட்டு நிக்கும், எப்பவுமே. வண்டி ரெண்டு விரக்கடை தூக்கலா நிக்கும், "ஆஹா பட்டை சூப்பரா நிக்குது"ன்னு தோணும், சீக்கிரமே ரப்பர் கிழிஞ்சு பழைய 'டொக்' திரும்ப வந்துரும். புது புஷ் போட்டும் சத்தம் போகலன்னு பொலம்பறவங்க வண்டியில முக்கால்வாசி கதை இது தான்.

சரி, வண்டி தரையில இருந்தா அடியில எப்படி போறது? ஸ்டாண்டை பாடியில இருந்து எடுத்து, ஆக்சில் குழாய்க்கு அடியில, வீலுக்கு எவ்ளோ பக்கமா முடியுமோ அவ்ளோ பக்கமா வைங்க. வண்டியோட வெயிட் முழுசும் பட்டை மேல வந்துரும், உங்களுக்கும் எடம் கெடைக்கும். அடியில போறதுக்கு முன்னாடி டிக்கியை நல்லா அமுக்கி அமுக்கி விடுங்க, எல்லாம் அதது எடத்துல உக்காரும். அப்புறம் இறுக்குங்க, நைலாக் நட்டுன்னா (உள்ள நைலான் வளையம் வச்சது) புதுசு போடுங்க.

ஷாக் அப்சார்பரை நிமித்தி வச்சு இழுத்து அமுக்கிப் பாருங்க, நடுவுல எங்கயாவது லூசா ஓடுனா மாத்துங்க, ஜோடியா தான். ரொம்ப பழைய வண்டியில லீவர் டைப் இருக்கும், அதை ஒடனே தூக்கி எறியாதீங்க, ஆயில் ஒழுகலைன்னா ஃபோர்க் ஆயில் ஊத்தி கையால பம்ப் பண்ணிப் பாத்தா பல சமயம் உயிர் வந்துரும்.

200 கிமீ ஓட்டிட்டு யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்க, 500-ல இன்னொரு தடவ. பெயிண்ட் நசுங்கி, பட்டைங்க படிஞ்சு, கண்டிப்பா ஒரு கால் சுத்து வாங்கும்.

பின்சேர்க்கை: எல்லாம் முடிச்சும் வண்டி ஒரு பக்கம் சாயுதுன்னு ரெண்டு மூணு பேரு எழுதியிருந்தீங்க. பழைய அளவு எழுதி வச்சிருந்தா அதை எடுங்க. எந்தப் பக்கம் தாழ்வா இருக்கோ அந்தப் பட்டைக் கட்டை மறு பக்கத்துக்கு மாத்துங்க. சாய்வும் கூடவே மாறுனா பட்டறைல வளைவு ஒண்ணுபோல வைக்கல, அவங்ககிட்டயே திரும்ப கொண்டு போங்க. சாய்வு அதே பக்கம் நின்னா பட்டையைக் குத்தம் சொல்லாதீங்க, பாடியில பட்டை மாட்டற எடம் துருவுல உள்வாங்கியிருக்கும், இல்ல முன்னாடி டார்ஷன் பார் (முன்பக்கம் ஸ்பிரிங்கா வேலை செய்யற முறுக்குக் கம்பி) ஒரு பக்கம் தளந்திருக்கும்.