மிதித்தாலும் இழுக்காத பாவித்த டீசல் கார்: பிழையை நீங்களே பிடிப்பது எப்படி

"மிதிச்சாலும் இழுக்குதில்லை" என்று கராஜில் சொன்னால் முதலில் ரேர்போவை (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் பாகம்) சொல்வார்கள், அடுத்தது டீசல் பம்ப். இரண்டுமே கை கடிக்கும் செலவு. பலர் கை மாறி வந்த காரில் பழைய சொந்தக்காரர் எதை மாற்றிப் பூட்டினார் என்பதிலிருந்துதான் தேடலைத் தொடங்க வேண்டும். கீழே உள்ள ஒழுங்கு செலவில்லாததிலிருந்து செலவுள்ளதை நோக்கிப் போகிறது. இடையில் எதையும் பாயாதீர்கள்.

படி 1: அளந்து எழுதுங்கள்

வன்னியில் தட்டையான நேர் வீதிக்குக் குறைவில்லை. ஆளும் மாடும் இல்லாத ஒரு துண்டைத் தெரிவு செய்து, மூன்றாம் கியரில் நிமிடத்துக்கு 1500 சுற்றிலிருந்து முழுதாக மிதியுங்கள். 3000 வர எத்தனை செக்கன் என்று பக்கத்தில் இருப்பவர் போனில் அளக்கட்டும். மூன்று தரம். பிறகு எதைச் செய்தாலும் அதே துண்டில், அதே பாரத்தோடு திரும்ப அளக்க வேண்டும். இது இல்லாவிட்டால் "இப்ப கொஞ்சம் பரவாயில்லை போல" என்ற நினைப்புத்தான் மிஞ்சும்.

புகையையும் பாருங்கள். கறுப்பென்றால் டீசலுக்கு ஏற்ற காற்று இல்லை. புகையுமில்லை, இழுவையுமில்லை என்றால் டீசல் போதவில்லை. சுற்று ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. ஓடி நிறுத்தியதும் ஒரு சில்லு மட்டும் கொதித்தால் பிரேக் பிடித்தபடி இருக்கிறது.

படி 2: ரயர்

175/70 R13 இருந்த காரில் 195/65 R15 பூட்டினால் விட்டம் 575 மில்லிமீற்றரிலிருந்து 634 ஆகிறது. கியர் 10 வீதம் நீண்டதற்குச் சமன். எஞ்சினில் பிழையே இல்லாமலும் கார் சோம்பலாகும்.

படி 3: மிதி

எஞ்சினை நிறுத்தி, ஒருவர் அக்சிலேற்றர் மிதியை அடிவரை மிதிக்க, மற்றவர் டீசல் பம்பின் லீவரைப் பாருங்கள். அது கடைசித் தடுப்பு ஸ்குரூவைத் தொட வேண்டும். தொடாவிட்டால் கேபிள் தளர்வு, அல்லது மிதிக்கு அடியில் தடித்த கால்மிதி. சிரிக்காதீர்கள், இது அடிக்கடி நடப்பது.

படி 4: மாற்றியதைக் கழட்டுங்கள்

டியூனிங் பெட்டி (இழுவையைக் கூட்ட வயரில் இடையே பூட்டும் மின் பெட்டி) இருந்தால் கழட்டி, பழைய சொக்கெட்டை நேரே பூட்டுங்கள். கூம்பு எயார் பில்டர் இருந்தால் கம்பனிப் பெட்டியைத் திரும்பப் போடுங்கள். கூம்பு பில்டர் எஞ்சினின் சூட்டுக் காற்றை இழுக்கும். எண்ணெய் பூசிய வகையென்றால் அந்த எண்ணெய் காற்றை அளக்கும் சென்சரில் படிந்து கணக்கைக் குழப்பும். அந்தச் சென்சருக்கென்றே விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவுங்கள். துணியோ விரலோ படக்கூடாது.

படி 5: காற்றுக் கசிவு

ரேர்போ காரில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். ரேர்போவிலிருந்து இன்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விப்பது), அங்கிருந்து மனிபோல்ட் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரிக்கும் குழாய்) வரை ஒவ்வொரு ஹோஸ் மூட்டையும் டோர்ச் அடித்துக் கீழ்ப்பக்கமாகப் பாருங்கள். கிரவல் வீதியில் ஓடிய காரில் செம்மண் தூசே துப்புச் சொல்லும்: கசியும் மூட்டில் எண்ணெய் ஈரத்தோடு தூசு ஒட்டி, கருஞ்சிவப்பாக ஒரு வளையம் இருக்கும். மற்ற மூட்டுகளில் உலர்ந்த தூசுதான்.

உறுதிப்படுத்த, ரேர்போ வாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடி ஒன்றில் 11.5 மில்லிமீற்றர் துளையிட்டு ரியூப்லெஸ் ரயர் வால்வைப் பூட்டுங்கள். எயார் பில்டர் ஹோஸைக் கழட்டி மூடியைக் கிளிப்பால் இறுக்குங்கள். கியர் நியூட்ரலில், கை பிரேக் போட்டு, கால் பம்பால் 10 பிஎஸ்ஐ வரை மெதுவாக ஏற்றுங்கள். அதற்கு மேல் வேண்டாம். சவர்க்காரத் தண்ணீர் விசிற, கசியும் இடம் நுரைக்கும். எண்ணெய் மூடியில் மெல்லிய சீறல் வந்தால் பயமில்லை, பிஸ்டன் றிங்குகளைத் தாண்டும் காற்று அது. சைலன்சரில் பலமாகச் சீறினால் வால்வுகள் திறந்த நிலையில் நிற்கின்றன; கிராங் போல்ட்டை ஸ்பனரால் சற்றுத் திருப்பிவிட்டுத் திரும்ப ஏற்றுங்கள்.

சிலிக்கோன் ஹோஸ் மாற்றிய கார்களில் குழாயின் நுனியில் விளிம்பு இல்லாததால் ஹோஸ் வழுக்கும். எண்ணெயைத் துடைத்து உலர்த்திய பின்பே கிளிப்பை இறுக்குங்கள்.

படி 6: பம்புக்குப் போகும் சின்ன ஹோஸ்

2சி-ரி போன்ற பழைய டொயோட்டா ரேர்போ எஞ்சின்களில் மனிபோல்டிலிருந்து பம்பின் தலைக்கு ஒரு மெல்லிய ஹோஸ் போகும். ரேர்போ அழுத்தத்தை அறிந்து டீசலைக் கூட்டுவது அதன் வழியாகத்தான். வெடித்தாலோ எலி கடித்தாலோ புகையில்லாமல் இழுவை செத்துப்போகும். ஹோஸை மனிபோல்ட் பக்கம் கழட்டி, பம்பை நோக்கி வாயால் ஊதி நாக்கால் அடையுங்கள். அழுத்தம் நின்றால் உள்ளே உள்ள சவ்வு நல்லது. பம்பில் டீசல் அளவைக் கூட்டும் ஸ்குரூவை முன்பே யாராவது திருகியிருந்தால் கறுப்புப் புகை கக்கும். பெயின்ற் கோடு போட்டுவிட்டுக் கால் சுற்றுக் கால் சுற்றாகத் தளர்த்துங்கள்.

படி 7: டீசல்

பில்டரின் அடியிலிருந்து 200 மில்லிலீற்றரைக் கண்ணாடிப் போத்தலில் வடித்துப் பத்து நிமிடம் விடுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் படியும். கானில் சேமித்த டீசல் ஊற்றிய காரில் இதை எதிர்பார்க்கலாம். பிறகு பில்டருக்கும் பம்புக்கும் இடையில் டீசல் தாங்கும் தெளிந்த ஹோஸ் ஒரு துண்டைப் பூட்டி ஓட விடுங்கள். குமிழி தொடர்ந்து வந்தால் தாங்கிக்கும் பம்புக்கும் இடையே எங்கோ காற்று உள்ளிழுபடுகிறது. பழைய பில்டர் தலையின் கைப் பம்பைத்தான் முதலில் சந்தேகியுங்கள்.

கொமன் ரெயில் கார் (டீசலை உயர் அழுத்தத்தில் ஒரே குழாயில் வைத்து, கொம்பியூட்டர் பீச்சும் புதிய வகை) என்றால்

எஞ்சின் ஓடும்போது உயர் அழுத்தக் குழாயைத் தளர்த்தவே வேண்டாம், பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும். காரின் கொம்பியூட்டரை வாசிக்கும் ஸ்கேனரால் பாருங்கள். சாவி போட்டு எஞ்சின் ஓடாதபோது மனிபோல்ட் அழுத்தம் 100 கிலோ பாஸ்கலை ஒட்டி இருக்க வேண்டும், வன்னி கடல் மட்டத்திலிருந்து அதிகம் உயரவில்லை. முழுதாக மிதித்து ஓடும்போதும் 110ஐத் தாண்டாவிட்டால் படி 5க்குத் திரும்புங்கள். அங்கே கசிவில்லை என்றால்தான் ரேர்போவைக் கழட்டும் பேச்சு.